தம்பியின் தனிக்குடித்தனம்: வளர்ச்சிசார் மாற்றுத்திறனாளிகள் தம் ஊரிலேயே தம் விருப்பப்படி வாழ ஒரு முழுமையான வழிகாட்டி

என் தம்பிக்கு 37 வயது. டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவன். மூன்று வருடங்களாக ஸ்ரீரங்கத்தில், அம்மா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு வாடகை வீட்டில் இருக்கிறான். கூட இருப்பவர் ஆட்டிசம் உள்ள 41 வயதுக்காரர். இருவரும் ஒரே பயிற்சி மையத்தில் பழகியவர்கள். இவர்களைப் போல அறிவு, பேச்சு, பழகும் விதம் ஆகியவற்றின் வளர்ச்சியில் சின்ன வயதிலிருந்தே வேறுபாடு உள்ளவர்களைத்தான் வளர்ச்சிசார் மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். வீட்டுச் சாவியைச் சிவப்புக் கயிற்றில் கோத்து பேண்ட் வளையத்தில் மாட்டியிருப்பான். நான் போனால் கதவைத் தட்ட வேண்டும். அவன் திறந்தால்தான் உள்ளே போக முடியும்.

பெற்றோர் கூட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான் காதில் விழுகிறது: "எனக்குப் பிறகு இவன் கதி என்ன?" வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்கிறார்கள். கூடப் பிறந்தவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஏதாவது ஒரு இல்லத்தில் சேர்க்க வேண்டும். இரண்டையும் தீர்மானிப்பவர்கள் மற்றவர்கள். சம்பந்தப்பட்டவர் எங்கே, யாருடன் இருக்க ஆசைப்படுகிறார் என்று எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதை, எங்கள் ஏழு வருட அனுபவத்தை வைத்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியாக வாழ்வது என்றால் எல்லாவற்றையும் தானே செய்துகொள்வது அல்ல. வரிக் கணக்குக்கு நான் ஆடிட்டரிடம் போகிறேன், குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிடுகிறேன். அதனால் என்னை யாரும் பிறர் தயவில் வாழ்பவள் என்று சொல்வதில்லை. யாரை எப்போது கூப்பிடுவது என்பது என் முடிவாக இருக்கிறது, அவ்வளவுதான். தம்பிக்கும் அதே அளவுகோல்தான்.

சட்டமும் இதையே சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதன் 19ஆவது பிரிவு, யாருடன் எங்கே வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பற்றியது. நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 5ஆவது பிரிவில் சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையைத் தருகிறது. இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. உறவினர்கள் "பாவம், அவனைத் தனியாக விடலாமா?" என்று கேட்கும்போது இந்தப் பிரிவுதான் எனக்குத் துணை நின்றது.

முதல் படி: அவரைக் கேளுங்கள், கேட்கத் தெரிந்து கேளுங்கள்

"தனியாக இருக்கிறாயா?" என்று நான் முதன்முதலில் கேட்டபோது தம்பி "சரி" என்றான். "அம்மாகூட இருக்கிறாயா?" என்று கேட்டேன். அதற்கும் "சரி." எதிரே இருப்பவரைச் சந்தோஷப்படுத்த எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது, அறிவுசார் குறைபாடு உள்ள பலர் சின்ன வயதிலிருந்தே கற்றுக்கொண்ட தற்காப்பு. ஆகவே ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளை விட்டுவிடுங்கள். இரண்டு படங்களைக் காட்டி எது என்று கேளுங்கள். மறுநாள் அதே படங்களை இடம் மாற்றி வைத்துக் கேளுங்கள். பதில் மாறினால், முதல் நாள் அவர் வலது கைப் பக்கம் இருந்ததை எடுத்திருக்கிறார் என்று பொருள். விருப்பம் இன்னும் தெரியவில்லை.

பேச்சு வராதவர்களிடம் கவனிப்புதான் கேள்வி. எந்த நாளில் நன்றாகச் சாப்பிட்டார், எந்த இடத்துக்குப் போனால் காதைப் பொத்திக்கொள்கிறார், யார் வந்தால் வாசல்வரை போகிறார் என்று ஒரு மாதம் எழுதி வையுங்கள். நாங்கள் எழுதிய நோட்டில் இரண்டு பக்கங்கள்தான் இன்றைக்கும் பயன்படுகின்றன. ஒன்று "நல்ல நாள்", இன்னொன்று "கெட்ட நாள்". நல்ல நாளில் காலையில் யாரும் அவசரப்படுத்தக் கூடாது, மாலையில் காவிரிக் கரைக்குப் போக வேண்டும், சட்டையை அவனே தேர்ந்தெடுக்க வேண்டும். கெட்ட நாளில் முதல் வரியே, "என்னைப் பற்றி என் எதிரிலேயே பேசுகிறார்கள்." முப்பது வருடங்களாக அதைச் செய்தவர்கள் நாங்கள்.

இரண்டாம் படி: காகிதங்கள்

இது சலிப்பான வேலை, ஆனால் தள்ளிப்போட முடியாது. மருத்துவச் சான்றும் யூ.டி.ஐ.டி. என்கிற தனித்துவ அடையாள அட்டையும்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு இருப்பதாகச் சான்று இருந்தால்தான் பெரும்பாலான உரிமைகளும் சலுகைகளும் கிடைக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்குமானது. அதன் கீழ் வரும் 'நிராமயா' காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை ஈடு தருகிறது. சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது, வெளிநோயாளிச் சிகிச்சையும் பயிற்சிச் சிகிச்சைகளும்கூட அதில் அடங்கும்.

மாற்றுத்திறனாளியின் சார்பில் முடிவெடுக்க இன்னொருவரைச் சட்டப்படி நியமிக்கும் பாதுகாவலர் சான்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் பலர் பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் அவசரமாக இதைத்தான் வாங்குகிறார்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு இதை வழங்குகிறது. சில நேரங்களில் இது தேவைதான். ஆனால் ஒரு தடவை வாங்கிவிட்டால் எல்லா அலுவலகங்களும் அவரை விட்டுவிட்டுப் பாதுகாவலரிடம் மட்டுமே பேசும். 2016 சட்டத்தின் 13ஆவது பிரிவு, சொத்து வைத்துக்கொள்ளவும் தன் பணத்தைத் தானே நிர்வகிக்கவும் மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்கிறது. 14ஆவது பிரிவு சொல்லும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் ஏற்பாடு குறிப்பிட்ட முடிவுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும் மட்டுமானது. அதிலும் அவரோடு கலந்தே முடிவெடுக்க வேண்டும். உதவி செய்தால் அவராலேயே முடிவெடுக்க முடியும் என்ற இடத்திலெல்லாம் உதவியைத்தான் முதலில் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தம்பிக்குச் சேமிப்புக் கணக்கு தொடங்கப் போனபோது, ஒரு வங்கிக் கிளையில் அவன் முகத்தைப் பார்க்காமலே "கார்டியன் சான்று எங்கே?" என்று என்னிடம் கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டோம். அடுத்த வாரம் 13ஆவது பிரிவை அச்செடுத்துக்கொண்டு போனோம். அவன் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டான். இருபது நிமிடம் ஆனது, வரிசையில் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். கணக்கு அவன் பெயரில் மட்டுமே இருக்கிறது.

வாக்காளர் அட்டையையும் விட்டுவிடாதீர்கள். சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்தால் ஒழிய, அறிவுசார் குறைபாட்டைக் காரணம் காட்டி எவருடைய வாக்குரிமையையும் பறிக்க முடியாது. அட்டைப் பெட்டியில் பொத்தான்கள் வரைந்து வீட்டில் ஒத்திகை பார்த்தோம். 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்த விரலைக் கடைத்தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தான்.

மூன்றாம் படி: சமையலறை

வீடு பார்ப்பதற்கு இரண்டு வருடங்கள் முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள். அதுவும் ஒரே ஒரு வேலையோடு. நாங்கள் எடுத்துக்கொண்டது சோறு வடிக்காமல் மின் குக்கரில் வைப்பது. நமக்கு அது ஒரு வேலை. உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோது 14 வேலைகள் இருந்தன. பாத்திரத்தை எடுப்பது, அரிசி டப்பாவைத் திறப்பது, டம்ளரால் அளப்பது, களைவது, தண்ணீரை வடிப்பது, தண்ணீரை அளந்து ஊற்றுவது, பாத்திரத்தின் அடியைத் துடைப்பது, குக்கரில் வைப்பது, மூடுவது, பிளக்கைச் செருகுவது, சுவிட்சைப் போடுவது, பொத்தானை அழுத்துவது, விளக்கு மாறும்வரை காத்திருப்பது, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறப்பது.

இதில் சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் சொல்லித்தரும் ஒரு நுட்பம் உண்டு: கடைசிப் படியை முதலில் கற்றுக்கொடுங்கள். முதல் வாரம் பதின்மூன்று வேலைகளையும் நான் செய்தேன். விளக்கு மாறியதும் பிளக்கைப் பிடுங்கி மூடியைத் திறப்பது மட்டும் அவன் வேலை. ஆவி முகத்தில் அடிக்கிறது, சோறு தயாராக இருக்கிறது, வேலையை முடித்தவன் அவன். அடுத்த வாரம் கடைசி இரண்டு வேலைகள் அவனுக்கு. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தோம். ஒவ்வொரு நாளும் வெற்றி அவன் கையில் முடிந்தது. முதல் படியிலிருந்து தொடங்கியிருந்தால், அரிசியை அளந்துவிட்டு மீதியை நான் செய்வதை வேடிக்கை பார்த்திருப்பான்.

தண்ணீர் அளவுதான் எங்களைத் தோற்கடித்துக்கொண்டே இருந்தது. "இரண்டரை டம்ளர்" என்பதில் அந்த அரை அவனுக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் அம்மா, பாத்திரத்தின் உட்புறம் சுத்தியலாலும் ஆணியாலும் இரண்டு கோடுகள் பொறித்துக் கொண்டுவந்தார். கீழ்க்கோடு அரிசி, மேல்கோடு தண்ணீர். பிரச்சினை அன்றோடு தீர்ந்தது. மனிதரை மாற்றுவதைவிடப் பாத்திரத்தை மாற்றுவது எப்போதுமே சுலபம். இந்த ஒன்றை மனதில் வைத்தால் வீட்டில் பாதிப் பயிற்சி குறைந்துவிடும்.

உதவியைக் குறைப்பதுதான் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம். கையைப் பிடித்துச் செய்யவைப்பது, செய்து காட்டுவது, சுட்டிக்காட்டுவது, வாயால் சொல்வது, சும்மா நிற்பது என்று உதவிக்குப் பல அளவுகள் உண்டு. ஒவ்வொரு தடவையும் முதலில் சும்மா நில்லுங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அவன் யோசிக்கும் நேரம் நமக்குத் தாங்க முடியாத மௌனமாக இருக்கும். அம்மாவின் கை முந்திக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர் கூடத்தில் உட்கார்ந்து, கைகளை முந்தானைக்குள் சுருட்டிவைத்துக்கொண்டார். சோறு முழுவதும் அவன் கைக்கு வர ஐந்து மாதங்கள் ஆயின. அடுத்து வந்த ரசத்துக்கு ஏழு வாரங்கள்தான்.

கேஸ் அடுப்பை நாங்கள் கொடுக்கவில்லை. மின் குக்கரும், தானாக அணையும் இண்டக்சன் மின் அடுப்பும் போதும் என்று முடிவு செய்தோம். கத்தியை அவன் கேட்டான். இரண்டு தடவை விரலை வெட்டிக்கொண்டான். மூன்றாவது தடவை வெட்டவில்லை.

நான்காம் படி: வீட்டுக்கு வெளியே

திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தின் பக்கம் ஒரு நகல் கடையில் தம்பிக்கு வேலை கிடைத்தது. சுருள் கம்பி பைண்டிங் போடும் வேலை. கடைக்காரரிடம் நான் கேட்டது இரண்டுதான்: ஒரு மாதம் நானும் கூட நிற்க அனுமதி, பிறகு மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோல மாதா மாதம் சம்பளம். "சும்மா வந்து உட்காரட்டும், செலவுக்கு ஏதாவது கொடுக்கிறேன்" என்று சொன்ன கடைகளுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரக்கத்தில் கிடைக்கும் வேலை, இரக்கம் தீர்ந்ததும் தீர்ந்துவிடும். பெரிய நிறுவனங்களையும் அரசுப் பணியையும் நாடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் ஒரு சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உரியது.

வேலைக்குப் போக ஒன்றாம் எண் பஸ். நகரச் சாதாரணப் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை, எனவே டிக்கெட் கவலை இல்லை. முதல் இரண்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். அடுத்த இரண்டு வாரம் இரண்டு இருக்கைகள் தள்ளி. பிறகு ஸ்கூட்டரில் பஸ்ஸின் பின்னால். எண்ணைப் படிக்க அவனுக்குத் தெரியும். எங்கே இறங்குவது என்பதுதான் சிக்கல். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் எதிரே மலைக்கோட்டை தெரியும். தெரிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும், பாலம் முடிந்ததும் எழுந்து நிற்க வேண்டும். இவ்வளவுதான் பாடம். அழகாகக் கற்றுக்கொண்டான்.

2022 செப்டம்பரில் பழுதுபார்ப்புக்காகப் பாலத்தை மூடினார்கள். பஸ்கள் சுற்றிப் போயின. அவனுக்குத் தெரிந்த அடையாளங்களின் வரிசையே கலைந்துவிட்டது. மாற்றுப் பாதையில் இரண்டு நாட்கள் கூடப் போனேன், போதும் என்று நினைத்துவிட்டேன். மூன்றாம் நாள் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு மத்திய பஸ் நிலையத்தில் போய் இறங்கியிருக்கிறான். எனக்கு ஃபோன் வந்தது ஒரு டீக்கடையிலிருந்து. சட்டைப் பையில் இருந்த அட்டையைக் கடைக்காரரிடம் நீட்டி, "அக்காவைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லியிருக்கிறான். நான் போய்ச் சேர்ந்தபோது டீ குடித்துக்கொண்டிருந்தான். நடுங்கிக்கொண்டிருந்தவள் நான்தான்.

அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்: சரியாகப் போய்ச் சேரும் வழியைக் கற்றுக்கொடுக்கும் முன், வழி தவறினால் என்ன செய்வது என்பதைக் கற்றுக்கொடுங்கள். வேண்டுமென்றே ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கிப் பழக்குங்கள். யாரிடம் அட்டையைக் காட்டலாம் என்று காட்டிக்கொடுங்கள்: நடத்துநர், சீருடைக் காவலர், கடைக்குள் நின்று வியாபாரம் செய்பவர். அட்டையில் பெயரும் இரண்டு ஃபோன் எண்களும் மட்டும் போதும், வீட்டு முகவரி வேண்டாம்.

பணத்துக்கு ஒரு சிறு உத்தி. மீதிக் கணக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. விலை 34 என்றால் அடுத்த பத்து எது? 40. நான்கு பத்து ரூபாய் நோட்டுகள் கொடு, சில்லறைக்குக் காத்திரு. பத்துப் பத்தாக எண்ணத் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம். ஃபோனில் பணம் செலுத்தத் தனியாக ஒரு கணக்கு வைத்து, வாரம் ஐந்நூறு ரூபாய் மட்டும் அதில் போடுகிறோம். சேமிப்பு இருக்கும் கணக்கை ஃபோனோடு இணைக்கவே இல்லை. தொலைபேசி மோசடிக்காரர்கள் வயதானவர்களை மட்டும் குறிவைப்பதில்லை.

ஐந்தாம் படி: வீடும் தெருவும்

விளம்பரம் பார்த்து வீடு தேடாதீர்கள், தெருவைத் தேடுங்கள். தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆட்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்களோ, அங்கே ஒரு கீழ்த்தள வீடு. மருந்துக்கடை, பால் பூத், பஸ் நிறுத்தம் மூன்றும் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். ஏழு உரிமையாளர்கள் மறுத்தார்கள். எட்டாமவரிடம் நான் எதையும் விளக்கவில்லை, தம்பியையே அழைத்துப் போனேன். தண்ணீர் மோட்டார் எங்கே இருக்கிறது, குப்பை வண்டி எப்போது வரும் என்று அவன்தான் கேட்டான். வாடகை 7,500 ரூபாய், இரண்டு குடும்பங்களும் பாதிப் பாதி.

குடிபோகும் முன் வீட்டில் செய்த மாற்றங்கள் அதிகமில்லை. குளியலறைத் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கும்படி மாற்றினோம். வழுக்காத தரைவிரிப்பு போட்டோம். ஹீட்டரில் சூட்டின் அளவைக் குறைத்து நிறுத்தினோம். கதவின் உட்புறம், வெளியே கிளம்பும்போது பார்க்க நான்கு படங்கள்: அடுப்பு, குழாய், ஃபோன், சாவி. மாத்திரைக்குக் கிழமை எழுதிய பெட்டி. மாற்றுச் சாவி எதிர்வீட்டு மாமியிடம்.

அந்த மாமியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் மாதம், "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் மாமி" என்று நான் கேட்டுக்கொண்டதால் பார்த்துக்கொண்டார். அப்படிக் கேட்டுப் பெறும் உதவி ஆறு மாதம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. அவருக்கு முழங்கால் வலி. காலையில் பூத்துக்குப் போகும்போது அவருக்கும் இரண்டு பால் பாக்கெட் வாங்கி வரத் தொடங்கினான் தம்பி. ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல். பால் வரவில்லையே என்று மாமி வந்து கதவைத் தட்டியதால்தான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. அக்கம்பக்கத்தில் உங்கள் வீட்டு மாற்றுத்திறனாளிக்கும் ஏதாவது ஒரு வேலை, ஒரு பொறுப்பு இருக்கும்படி பாருங்கள். கோவில் நந்தவனத்துக்குத் தண்ணீர் விடுவதாக இருக்கலாம், நூலகத்தில் செய்தித்தாள் அடுக்குவதாக இருக்கலாம். வரவில்லையென்றால் தேட ஆள் இருக்க வேண்டும்.

ஆறாம் படி: முதல் இரவுகள்

ஒரே நாளில் பெட்டி படுக்கையோடு குடியேற்றிவிடாதீர்கள். முதல் மாதம் பகலில் மட்டும் போய் வந்தார்கள். பிறகு சனிக்கிழமை இரவு ஒன்று, நான் அடுத்த அறையில். பிறகு இரண்டு இரவுகள், நான் எதிர்வீட்டில். பிறகு நான் என் வீட்டில், ஃபோன் தலைமாட்டில். மொத்தம் நான்கரை மாதங்கள் ஆயின.

அந்த நாட்களில் தம்பியைவிட அம்மாவுக்குத்தான் உதவி தேவைப்பட்டது. 33 வருடங்கள் மகனின் மூச்சுச் சத்தம் கேட்டுத் தூங்கியவர். முதல் இரவு அவர் தூங்கவில்லை, இரண்டு தட்டு எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைத்தார். இதை எந்தத் திட்டத்திலும் எழுதுவதில்லை. தாய் ஒருவர் "என்னால் முடியவில்லை, கூட்டி வந்துவிடு" என்று சொல்வது தோல்வி அல்ல. அந்த வாரம் நிறுத்துங்கள், அடுத்த மாதம் தொடருங்கள். அம்மாவுக்கு வேறு ஒரு வழக்கத்தை உண்டாக்குங்கள். இப்போது ஞாயிறு மதியம் தம்பி வீட்டில்தான் அம்மாவுக்குச் சாப்பாடு. பரிமாறுவது அவன்.

ஏழாம் படி: துணையாளர்

காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் ஒரு துணையாளர் வருகிறார். வேலைக்காரர் என்று நினைத்து ஆள் வைத்தால், வருபவர் கடகடவென்று சமைத்துப் பெருக்கிவிட்டுப் போய்விடுவார். ஆறே மாதத்தில் கற்ற அத்தனையும் மறந்துபோகும். நேர்காணலில் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அவன் சட்டைப் பொத்தானைத் தவறாகப் போட்டுக்கொண்டு நிற்கிறான், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. என்ன செய்வீர்கள்?" சரிசெய்துவிடுவேன் என்பவர்களுக்கு இன்னும் பழக்கம் தேவை. "கண்ணாடியைப் பார்க்கச் சொல்வேன்" என்று ஒருவர் சொன்னார். அவர்தான் இப்போது வருகிறார். தேர்வின்போது தம்பியும் கூட உட்கார்ந்திருந்தான். கடைசிச் சம்மதம் அவனுடையது.

துணையாளருக்கு எழுத்தில் ஒரு பக்கம் கொடுங்கள். எதை மாற்றுத்திறனாளி தானே செய்வார், எதற்கு நினைவூட்ட வேண்டும், எதற்குக் கூட நிற்க வேண்டும், எதில் தலையிடவே கூடாது. எங்கள் பக்கத்தில் கடைசிப் பகுதியில் இருப்பவை: டி.வி., தூங்கும் நேரம், நண்பர்கள், சம்பளத்தில் அவன் பங்கு. இரவு 11 மணிவரை கிரிக்கெட் பார்த்துவிட்டு மறுநாள் தூக்கக் கலக்கத்தோடு வேலைக்குப் போவது ஒரு வயது வந்தவரின் உரிமை.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் கூச்சம் வேண்டாம். உடலின் அந்தரங்க உறுப்புகளின் பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள். எவர் தொட்டாலும், அவர் துணையாளராகவோ உறவினராகவோ இருந்தாலும், "வேண்டாம்" என்று சொல்லவும் இன்னொருவரிடம் வந்து சொல்லவும் பழக்குங்கள். எப்போதும் கீழ்ப்படியவே பழக்கப்பட்டவரால் ஆபத்து நேரத்தில் மறுக்க முடியாது. அதனால் அன்றாட விஷயங்களில் அவர் மறுக்கும்போது மதியுங்கள். கொடுமை நடந்தால் 2016 சட்டத்தின் 7ஆவது பிரிவின்படி நிர்வாக நடுவரிடம் (வட்டாட்சியர், கோட்டாட்சியர் போன்ற அதிகாரியிடம்) எவரும் தகவல் தரலாம். 92ஆவது பிரிவு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனை விதிக்கிறது.

எட்டாம் படி: உடல்நலம்

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைபாடு அதிகம். ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், கண்ணையும் காதையும் பாருங்கள். மறதி நோய் அவர்களுக்கு மற்றவர்களைவிட முன்னதாகவே, நாற்பது ஐம்பது வயதுகளில் வரக்கூடும். ஆனால் மந்தமாகிவிட்டார், பழகிய வேலையை விட்டுவிட்டார் என்றதும் அதுதான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். தைராய்டு, காது கேளாமை, மனச்சோர்வு ஆகியவையும் அதே தோற்றத்தைத் தரும், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. வலியைச் சொல்லத் தெரியாதவர்கள் அதை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதையும், சாப்பிடும் மருந்துகளையும் ஒரு பக்கத்தில் எழுதி வீட்டில் மாட்டுங்கள். நள்ளிரவில் மருத்துவமனைக்கு யார் கூட்டிப் போனாலும் அந்தத் தாளை எடுத்துச் செல்லலாம்.

அதிக உதவி தேவைப்படுபவர்கள்

"உங்கள் தம்பி பேசுகிறான், நடக்கிறான். என் மகளுக்கு ஊட்டிவிட வேண்டும். எங்களுக்கு இதெல்லாம் ஆகுமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஆகும், உதவியின் அளவுதான் கூடும். நீண்ட காலம் மனநல மருத்துவமனைகளிலேயே இருந்துவிட்டவர்களைச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்து, நான்கைந்து பேராக, துணையாளர்களுடன் குடியமர்த்துகிறது சென்னையின் பேனியன் அமைப்பு. அவர்களுடைய தேவை வேறு, ஆனாலும் வழி இதேதான். சுவர்களுக்குள் மட்டுமே வாழ முடியும் என்று எழுதிவைக்கப்பட்டவர்கள் இன்று சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்குகிறார்கள். 24 மணி நேரமும் ஆள் தேவைப்படுகிறவர் எந்தப் புடவை, யார் ஊட்டுவது, எப்போது வெயிலில் உட்காருவது என்பதைக் கண்ணசைவால் தீர்மானித்தால், அந்த வீடு அவருடைய வீடுதான்.

இப்படிப்பட்ட குடும்பங்கள் தனியாகத் தவிக்க வேண்டாம். மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் வாடகையும் துணையாளர் சம்பளமும் தாங்கும் அளவுக்கு வரும். தேவைகளை மதிப்பிட்டுப் பயிற்சித் திட்டம் போட்டுத்தர முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மாநில அரசின் உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' சேவை மையங்களும் தொடங்கப்பட்டுள்ளன. உங்கள் பகுதியில் எங்கே என்று மாவட்ட நல அலுவலகத்தில் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: நமக்குப் பிறகு

வீட்டை அண்ணன் பெயரில் எழுதிவைத்துவிட்டு, அவன் தம்பியைப் பார்த்துக்கொள்வான் என்று நம்பிக் கண்மூடுகிறார்கள். அண்ணன் நல்லவராகவே இருக்கலாம். அவருக்கும் கடன் வரும், விவாகரத்து வரும், மரணம் வரும். வழக்கறிஞர் ஒருவரின் உதவியோடு தனியார் அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்து, பயனாளியாக மாற்றுத்திறனாளிப் பிள்ளையைக் குறிப்பிட்டு, சொத்தையும் காப்பீட்டுப் பணத்தையும் உயில் மூலம் அதில் சேர்ப்பது உறுதியான வழி. அறங்காவலர்கள் குறைந்தது மூவர் இருக்கட்டும், எல்லோரும் ஒரே தலைமுறையாக வேண்டாம்.

பெற்றோரில் எவராவது அரசு ஊழியராக இருந்தால், சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வயது வரம்பின்றிக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஓய்வூதிய ஆணையில் பிள்ளையின் பெயரைப் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே சேர்த்துவிடுங்கள். பிறகு என்றால் ஒவ்வொரு சான்றுக்கும் அலைய வேண்டியிருக்கும்.

சட்டக் காகிதங்களில் எழுத முடியாதவற்றுக்கு ஒரு நோட்டு வையுங்கள். எந்தக் கோவில் திருவிழாவுக்கு யாருடன் போவார், இடி இடித்தால் எப்படிச் சமாதானப்படுத்துவது, அப்பா இறந்த நாளில் எந்தப் பாட்டைக் கேட்பார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். எங்கள் நோட்டை ஒவ்வொரு வருடமும் தம்பியின் பிறந்த நாளன்று அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்துத் திருத்துகிறோம். போன தடவை, கடைசிப் பக்கத்தைத் தானே சொல்வதாகவும் நான் எழுத வேண்டும் என்றும் கேட்டான். "நான் வேலைக்குப் போவேன். வாடகை ஐந்தாம் தேதி கொடுக்க வேண்டும். மாமிக்கு இரண்டு பால். ஞாயிற்றுக்கிழமை என்னை யாரும் எழுப்ப வேண்டாம்." கீழே கையெழுத்துப் போட்டான். இந்த வருடம் எட்டு நிமிடம்தான் ஆனது.